மறதி நோய் வந்தவருக்கும் பழக்கம் ஏறும்

“அப்பாவுக்கு இனிமே எதைச் சொன்னாலும் ஏறாது.” டாக்டர் டிமென்ஷியா, அதாவது மறதி நோய், என்று சொன்ன அன்றே பல வீடுகளில் இந்த முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. வாயால் சொல்வது ஏறாது. ஒரே இடத்தில், ஒரே வரிசையில், திரும்பத் திரும்பச் செய்வது ஏறும். பயம் ஏறும், நிம்மதியும் ஏறும். நாம் யோசித்துச் செய்கிறோமோ இல்லையோ, அவர்களை ஒவ்வொரு நாளும் எதற்கோ பழக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். எதற்குப் பழக்குகிறோம் என்று தெரிந்து செய்தால் குளியலும் உடையும் சாயங்காலமும் தினசரிச் சண்டையாக இருக்காது.

நான் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. பி.எட். படித்தபோது, ஓசை கேட்டதுமே எச்சில் ஊறப் பழகிய பாவ்லோவின் நாயையும், நெம்புகோலை அழுத்தித் தீனி வாங்கப் பழகிய ஸ்கின்னரின் எலியையும் ‘ஆக்கநிலையிறுத்தல்’, அதாவது பழக்குதல், என்ற தலைப்பில் தேர்வுக்காகப் படித்தேன். அப்பா அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரும்பாலான வருடங்கள் திருநெல்வேலி - தென்காசி வழித்தடம். டிமென்ஷியாவில் ஒரு வகையான அல்சைமர் வந்தபின் எங்களோடு இருக்கிறார். அந்தப் பாடத்துக்கு வீட்டில் என்ன வேலை என்பதை அவரைப் பார்த்துக்கொள்ளும்போதுதான் கண்டேன். அறுபதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக நாடு தழுவிய ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோரை வீட்டில்தான் மகளோ மருமகளோ மனைவியோ பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழக்கம் பற்றிப் பேசும் முன் ஒன்று. மறதி என்றாலே டிமென்ஷியா இல்லை. பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, காது கேளாமை, எல்லாமே அதுபோலத் தெரியும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில பழைய மாத்திரைகளும் வயதானவர்களைக் குழப்பிவிடும். எந்தெந்த மாத்திரை ஓடுகிறது என்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். ஏற்கெனவே டிமென்ஷியா இருப்பவர் ஓரிரண்டு நாளில் திடீரென மோசமானால் ‘நோய் முற்றிவிட்டது’ என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் வற்றுவது, விழுந்து தலையில் அடிபட்டது, இதில் ஏதாவது இருக்கலாம். அது அவசரம். பழக்கம் மாற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் ஏறுகிறது

ஜெனீவாவில் கிளாபரேட் என்ற மருத்துவர் தான் செய்த ஒரு சோதனையை 1911இல் எழுதினார். அவருடைய நோயாளி ஒரு பெண்மணிக்குப் புதிதாக எதுவும் நினைவில் நிற்காது. தினம் பார்க்கும் டாக்டரையே தெரியாது. ஒருநாள் கிளாபரேட் தன் விரலிடுக்கில் ஊசியை ஒளித்துவைத்துக்கொண்டு கைகுலுக்கினார். அந்த அம்மாவுக்குக் குத்தியது, சற்று நேரத்தில் மறந்தும் போனது. ஆனால் அடுத்து அவர் கை நீட்டியபோது அந்த அம்மா தன் கையை இழுத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. செய்யக்கூடாத சோதனைதான். ஆனால் பராமரிப்பவர்கள் மறக்கவே கூடாத விஷயம் அதில் இருக்கிறது: நடந்தது மறந்தாலும் பயம் தங்கிவிடும்.

நல்ல பக்கத்துக்கும் சான்று உண்டு. 1953இல் மூளை அறுவைக்குப் பிறகு புது நினைவே உருவாகாமல் போன ஹென்றி மொலைசனுக்கு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையப் பயிற்சி கொடுத்தார் பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர். ஒவ்வொரு நாளும் “இதை நான் செய்ததே இல்லை” என்பார் மொலைசன். கோடு மட்டும் நாளுக்கு நாள் நேராகிக்கொண்டே வந்தது. நடந்ததை நினைவில் வைக்கும் பகுதியும் கைப்பழக்கத்தைப் படியவைக்கும் பகுதிகளும் மூளையில் வேறு வேறு. அல்சைமர் முதலில் கைவைப்பது பெரும்பாலும் முதல் பகுதியில்தான்.

இதிலும் எல்லை உண்டு. வயது ஏற ஏற இந்தப் பழக்குதல் எல்லோருக்குமே மெதுவாகிறது. ஓர் ஓசையைக் கேட்கவைத்து, உடனே கண்ணில் மெல்லக் காற்று ஊதி, பிறகு ஓசைக்கே இமை மூடுகிறதா என்று பார்க்கும் பரிசோதனையில் இளையவர்களைவிடப் பெரியவர்களுக்குத் தாமதமாகப் படிகிறது. அல்சைமர் இருப்பவர்களுக்கு இன்னும் தாமதம். அதனால் இரண்டு நாள் செய்து பார்த்துவிட்டு ‘சரிப்படவில்லை’ என்று விட்டுவிடக்கூடாது. செயலைத் தொடங்கிவைக்கும் அடையாளம், அது சொல்லோ ஓசையோ பொருளோ, ஒன்றே ஒன்றாக இருக்கட்டும், தெளிவாக இருக்கட்டும், அதற்கும் செயலுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். நோய் கடைசிக் கட்டத்துக்குப் போனபின் புதிதாக எதையும் பழக்கும் முயற்சி வேண்டாம். அப்போது தொடுதலும் குரலும் போதும்.

கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் தேடுங்கள்

புதிதாகக் கற்றுக்கொடுப்பது கடினம். நாற்பது வருடம் ஊறியது இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும்.

அப்பா நாற்காலியிலிருந்து எழ மறுப்பார். “எந்திரிங்கப்பா, நடக்கணும்ல” என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கையைப் பிடித்துத் தூக்கினால் உடம்பை இறுக்கிக்கொள்வார். பேருந்தில் ஒற்றை விசில் என்றால் நிறுத்து, ரெட்டை விசில் என்றால் எடு. வேலை பார்த்த காலமெல்லாம் அவர் விசிலுக்குத்தான் வண்டி நகர்ந்திருக்கிறது. அவருடைய விசிலைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டோம். நான் எதிரே நின்று, “எல்லாரும் ஏறியாச்சு, ரைட் குடுங்கப்பா” என்பேன். ரெட்டை விசில் அடிப்பார். அடித்த கையோடு எழுவார். ஹாலைத் தாண்டும்போது பேட்டை, சீதபற்பநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஸ்டாப் பெயர்களை அவரே சொல்லிக்கொண்டு வருவார். சாப்பாட்டு மேசைதான் தென்காசி. அங்கே ஒற்றை விசில்.

விசிலை நான் அடிக்கக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். பேரப்பிள்ளைகள் அடித்தால்கூட வாங்கி வைத்துவிடுவேன். ஒருவரை விசிலடித்து எழுப்புவது அவமானம். அவர் அடித்துக் கிளம்புவது அவருடைய உத்தியோகம். உடம்பு நகர்வது ஒன்றுதான், மரியாதை வேறு.

உங்கள் வீட்டுப் பெரியவரின் கை என்ன வேலை செய்து பழகியது என்று யோசியுங்கள். எங்கள் பக்கத்தில் பீடி சுற்றிய அம்மாக்கள் நிறைய. எங்கள் தெருவில் ஓர் ஆச்சி எந்நேரமும் சேலை முந்தானையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். புகையிலை இல்லாமல், வெட்டின காகிதமும் நூலும் வைத்துப் பீடித்தட்டை மடியில் கொடுத்தார்கள். விரல்கள் தானாகச் சுருட்ட ஆரம்பித்தன, சேலை தப்பியது. பூக்கட்டியவர், கடைக் கணக்கு எழுதியவர், தையல்காரர், கீரை ஆய்ந்தவர், எல்லோருக்கும் இப்படி ஒன்று இருக்கும். பொருள் நிஜமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மையைக் கொடுத்தால் கைக்கும் தெரியும், மனசுக்கும் தெரியும்.

குளியல்

இதில்தான் அதிக வீடுகளில் அழுகை. குளிக்கவைக்க நாலு பேர் பிடித்துக்கொள்வது, தலையில் மொண்டு ஊற்றுவது, அவர் அடிப்பது, நாம் கத்துவது. அரைமணி நேரத்தில் அவர் அதை மறந்துவிடுவார் என்று நினைக்கிறோம். 2014இல் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படத்துண்டுகளும் மகிழ்ச்சியான படத்துண்டுகளும் காட்டிப் பார்த்தார்கள். பார்த்த படம் நினைவிலிருந்து போனபின்னும் அது உண்டாக்கிய உணர்ச்சி நீடித்தது. சண்டை மறந்துபோகும். குளியலறைக் கதவைப் பார்த்ததும் வயிற்றைப் பிசையும் உணர்வு மிச்சமிருக்கும். மறுநாள் வாசலிலேயே ‘முடியாது’ என்பதற்கு அதுதான் காரணம், பிடிவாதம் இல்லை.

பயம் ஏறிவிட்ட வீட்டில் அதை இறக்க இப்படிச் செய்யுங்கள். முதல் சில நாள் குளிப்பாட்டவே வேண்டாம், ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். குளியலறைக்குள் கூட்டிப்போய் வெந்நீரில் கால் மட்டும் கழுவுங்கள். உடனே வெளியே வந்து காபி. ‘உடனே’ என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்காஷன் இறக்கி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்து நிமிடம் கழித்து வரும் காபி குளியலோடு சேராது. கால் கழுவுவதற்கு அலுக்காமல் வர ஆரம்பித்ததும் முழங்கால் வரை, அப்புறம் கை, அப்புறம் முதுகு. தலை எப்போதுமே கடைசி. வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டாலும் சரி. ஒரு படியில் முகம் சுருங்கினால் முந்தைய படிக்குத் திரும்பிவிடுங்கள்.

உள்ளே செய்ய வேண்டியவை: உட்கார நாற்காலி, வழுக்காத விரிப்பு, பிடித்துக்கொள்ளச் சுவரில் கைப்பிடி. வாளியில் நீர் முன்கூட்டியே நிறைந்திருக்க வேண்டும், குழாய்ச் சத்தமே சிலருக்கு மிரட்சி. சூட்டை உங்கள் முழங்கையால் பாருங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, துண்டின் மேலேயே நீர் ஊற்றலாம். வெட்கமும் குளிரும் இரண்டும் குறையும். மகளோ மருமகளோ குளிப்பாட்டும்போது பெரியவர்கள் கூசுவது இயல்பு. அதை மதிக்க வேண்டும். செம்பை அவர் கையில் கொடுத்துவிடுங்கள். தானே ஊற்றிக்கொள்ளும் நீர் யாரையும் பயமுறுத்தாது.

எங்கள் அப்பா சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆள். உள்ளங்கையில் நல்லெண்ணெய் ஊற்றினால் கை தானாக உச்சிக்குப் போகும், அப்புறம் குளிக்கவேண்டும் என்று யாரும் சொல்லவே வேண்டாம். ஆனால் தரையில் எண்ணெய் சிந்தினால் இடுப்பு எலும்பு போய்விடும். எண்ணெய் வைப்பது முற்றத்தில், பாதத்தைத் துடைத்த பிறகே உள்ளே.

தெரியுதா என்று கேட்காதீர்கள்

பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்வது இது. “மாமா, நான் யாரு சொல்லுங்க பார்ப்போம்?” பதில் வராது. “பாரு, மறந்துட்டாரு” என்று அவர் முன்னாலேயே பேச்சு. அவருக்கு நீங்கள் யார் என்று தெரியாமல் போகலாம், தோற்றுப்போனோம் என்று தெரியும். நாலைந்து முறை இப்படி நடந்தால் ஆள் வந்தாலே உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். எங்கள் வீட்டுக்கு வருபவர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்: “மாமா, நான் சுரண்டையிலிருந்து உங்க தங்கச்சி மகன் வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள். கேள்வி வேண்டாம். கசப்பாக எடுத்துக்கொள்பவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி கேட்டே கற்றுக்கொடுக்கும் முறை ஒன்றும் உண்டு. இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கேட்பது. அமெரிக்க உளவியலாளர் கேமரன் கேம்ப் இதை டிமென்ஷியா உள்ளவர்களிடம் கொண்டுசென்று பரப்பினார். பெரியவர் தோற்க இடமே கொடுக்காததுதான் சொந்தக்காரர்களின் பரீட்சைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு.

எடுத்துக்காட்டாக, ராத்திரி தனியே எழுந்து விழாமல் இருக்க, கட்டிலருகே உள்ள மணியை அடிக்கப் பழக்க வேண்டும். முதலில் நீங்களே சொல்லுங்கள்: “பாத்ரூம் போகணும்னா மணி அடிக்கணும்.” உடனே கேளுங்கள்: “பாத்ரூம் போகணும்னா என்ன செய்யணும்?” அவர் “மணி அடிக்கணும்” என்று சொல்லி, கையை நீட்டி அடிக்கவும் வேண்டும். சொல்லும் செயலும் சேர்ந்தே வரட்டும். பதினைந்து விநாடி கழித்து அதே கேள்வி, ஒரு எழுத்து மாறாமல். பிறகு முப்பது விநாடி, ஒரு நிமிடம், இரண்டு, நான்கு, எட்டு நிமிடம். நடுவில் சும்மா பேசிக்கொண்டிருங்கள், பூண்டு உரியுங்கள். பதில் தடுமாறினால் யோசிக்கவிடாதீர்கள், குறிப்புக் கொடுக்காதீர்கள். சரியான பதிலை உடனே சொல்லி, அவரையும் சொல்லவைத்து, கடைசியாகச் சரியாக வந்த இடைவெளிக்குத் திரும்புங்கள். ஊகித்துச் சொல்லும் தப்பான பதிலும் பழகிவிடும் என்பதால்தான் இந்தக் கண்டிப்பு. ஒரு நேரத்தில் ஒரே விஷயம். மறுநாள் காலையில் முதல் கேள்விக்கே சரியாகச் செய்தால் படிந்துவிட்டது என்று அர்த்தம். வாரம் சிலமுறை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாசம் பழக்கும் சோம்பல்

இதைச் சொன்னால் பலருக்கு வலிக்கும். மார்கரெட் பால்டஸ் என்ற உளவியலாளர் முதியோர் இல்லங்களில் உட்கார்ந்து, யார் என்ன செய்தால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கவனித்து எழுதினார். பெரியவர் தானாக ஒன்றைச் செய்தால் யாரும் கவனிப்பதில்லை. முடியவில்லை என்று உட்கார்ந்தால் உடனே ஆள் வந்து பேச்சும் உதவியும் கொடுக்கிறார். அப்படியானால் எது வளரும்? முடியாமை வளரும். அது வயதால் வந்ததுபோலத் தெரியும், ஒரு பகுதி நாம் ஊட்டி வளர்த்தது.

நம் வீடுகளில் இது பாசத்தின் பெயரில் நடக்கிறது. சிந்துகிறது என்று ஊட்டிவிடுகிறோம், நேரமாகிறது என்று சட்டை மாட்டிவிடுகிறோம். சில மாதத்தில் கை நிஜமாகவே மறந்துவிடும். போன திறமை டிமென்ஷியாவில் எளிதில் திரும்பாது.

செய்ய வேண்டியது காத்திருப்பது. சட்டையைப் பொத்தான் அவிழ்த்து, போடும் வரிசையில் பனியன் மேலே, சட்டை அடுத்து, வேட்டி கீழே என்று அடுக்கி வையுங்கள். ஒரு வாக்கியம் சொல்லுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நகரவில்லை என்றால் கையால் சைகை. அப்புறமும் இல்லை என்றால் அவர் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்துத் தொடங்கிவிடுங்கள், பாதியில் அவர் எடுத்துக்கொள்வார். முழுவதும் நாமே செய்வது கடைசி வழி. அவர் தானாகச் செய்யும் கணத்தில் நிமிர்ந்து பாருங்கள், பேசுங்கள். இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். குழம்பு சிந்தினால் துண்டு இருக்கிறது.

அடிக்கடி கூப்பிட்டுக் கத்துபவர் விஷயத்திலும் இதே கணக்குதான். கத்தினால்தான் வருகிறோம் என்றால் கத்தத்தான் செய்வார். அவர் அமைதியாக இருக்கும்போதே, கூப்பிடும் முன்பே, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை போய் ஒரு நிமிடம் கைபிடித்து உட்காருங்கள். கத்துவதைக் கண்டுகொள்ளாமல் விடுவது மட்டும் தீர்வல்ல, அது வலியாக இருக்கலாம், ஈரமாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். ஒரு நோட்டில் முன்னால் என்ன நடந்தது, என்ன செய்தார், அதற்கு நாம் என்ன செய்தோம் என்று மூன்று கட்டமாக எழுதிவாருங்கள். கொஞ்ச நாளில் காரணம் தானே தெரியும். எங்கள் நோட்டில் சாயங்காலக் கோபமெல்லாம் மதியம் தண்ணீர் குடிக்காத நாட்களோடு ஒட்டியிருந்தது.

சாயங்காலம்

வெளிச்சம் மங்கும்போது “வீட்டுக்குப் போகணும்” என்று கிளம்புவது இந்த நோயில் மிகச் சாதாரணம். அப்பாவுக்கு அது டெப்போ. வசூல் கட்டணும், லேட்டாகுது என்று செருப்பைத் தேடுவார். “நீங்க ரிட்டயர் ஆகி எவ்வளவு வருஷம் ஆச்சு” என்று சொல்லிப் பயனில்லை. அது அவருக்குப் புதுச் செய்தி, அதிர்ச்சிச் செய்தி.

இருட்டும் முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுகிறோம். நிழல் விழும் ஜன்னலுக்குத் திரை. பிறகு தோல்பையை எடுத்து வைப்பேன். உள்ளே சில்லறையும் பத்து ரூபாய்த் தாள்களும். எண்ணி அடுக்குவார், ஒரு தாளில் தொகை எழுதுவார், நான் வாங்கிக் கையெழுத்துப் போட்டு “சரியா இருக்குண்ணே” என்பேன். டெப்போவில் காசாளர் சொல்வது அதுதான். முகம் தளர்ந்துவிடும். வேலை முடிந்தது. அதன்பின் ராத்திரிச் சாப்பாடு, அதன்பின் அதே பாய், அதே போர்வை. இதைப் பொய் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர் மனதில் இருக்கும் பொறுப்பை முடித்துவைக்கிறோம்.

மிரட்டல் மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம். “சாப்பிடலேன்னா ஊசி போட்டுருவாங்க”, “முதியோர் இல்லத்துல விட்டுருவேன்” என்பதெல்லாம் வார்த்தையாக மறந்துபோகும். சொன்ன முகத்தின் மேல் பயம் தங்கும். அப்புறம் அந்த முகம் மாத்திரை கொடுத்தால் துப்புவார். பிடித்த தின்பண்டத்தைக் காட்டி, செய்யாவிட்டால் தராமல் இருப்பதும் தண்டனைதான்.

கை மாறும்போது

பழக்கம் நிற்பதும் உடைவதும் ஒரே சொல், ஒரே வரிசை என்பதில்தான். ரைட் குடுத்த பிறகு நடக்க யாரும் கூட வரவில்லை என்றால் விசில் வெறும் விசிலாகிவிடும். அதனால் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அடுக்களைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தச் சொல், எந்தப் பொருள், அடுத்து என்ன, எதைச் செய்யக்கூடாது. பகலில் வரும் உதவிக்கார அக்காவுக்கு வாசிக்க நேரமிருக்காது என்பதால் முதல் வாரம் நான் செய்ய அவர் பார்த்தார், இரண்டாவது வாரம் அவர் செய்ய நான் பார்த்தேன்.

தம்பி சென்னையிலிருந்து வந்து அப்பாவைக் கூட்டிப்போகும்போது மாத்திரையோடு விசில், தோல்பை, அதே சோப்பு, அதே செம்பு, போர்வை, அந்தத் தாளின் நகல், எல்லாம் போகும். போன புதிதில் குளியலைக் கால் கழுவுவதிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன், இடம் மாறினால் பாதிப் பழக்கம் கழன்றுவிடும். அவன் கூட்டிப்போகும் அந்த நாட்களில் நான் தூங்குகிறேன். நீங்களும் யாரிடமாவது கேட்டு அந்த ஓய்வை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க ஆளில்லாதவர்கள் 14567 என்ற மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண்ணை அழைத்து, உங்கள் ஊரில் என்ன உதவி கிடைக்கும் என்று விசாரியுங்கள்.